பேசியவர்கள் பெயர்

கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கோடு. அதற்கு மேலே ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு. கீழே பெயர்கள். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லாத நாள் குறைவு. பேசினால் பெயர் ஏறும். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, சிரித்தால் இன்னொன்று. டீச்சர் வந்ததும் குறிக்கு ஓர் அடி. 2008ல் விழுப்புரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நானே டீச்சராகச் சேர்ந்தேன். யாரும் சொல்லித்தராமலேயே முதல் வாரத்தில் அந்தக் கோட்டைப் போட்டேன். லீடரைக் கூப்பிட்டு, சாக்பீஸைக் கையில் கொடுத்தேன்.

ஸ்கேலாலும் அடித்திருக்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் எல்லாம் பொய்யாகிவிடும். தமிழ்நாட்டில் 2003லேயே கல்வி விதிகளிலிருந்து அடிக்கும் தண்டனையை எடுத்துவிட்டார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, பிள்ளையின் மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. அப்படியானால் நான் ஸ்கேலைத் தூக்கிய முதல் நாளே அது செய்யக் கூடாத காரியம். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அடிப்பதைச் சீக்கிரம் விட்டேன். பட்டியலை விட வெகுகாலம் ஆயிற்று. அதுவும் என் நல்ல புத்தியால் அல்ல, ஒரு டப்பாவால். எச்.எம். அறையில் கூட்டம் சீக்கிரம் முடிந்து திரும்பிய ஒரு நாள், லீடர் பெண் தன் பென்சில் டப்பாவை அவசரமாக மூடினாள். வாங்கித் திறந்தால் உள்ளே 14 பல்பம். எல்லாம் வேறு வேறு நீளம். விசாரித்தேன். பிள்ளைகள் கூச்சமே இல்லாமல் விலைப்பட்டியலைச் சொன்னார்கள். பெயரை அழிக்க அரைப் பல்பம். பெருக்கல் குறியை மட்டும் அழிக்கக் கால் பல்பம். தேன்மிட்டாய் கொடுத்தால் அன்று முழுக்கப் பெயரே ஏறாது. ஏழு வயதுக் குழந்தையிடம் ஓர் அதிகாரத்தைக் கொடுத்து, ஒரு வருமானத்துக்கும் வழிசெய்து வைத்திருந்தேன். அவளைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

கோட்டை அழித்தேன். அந்த இடத்தில் என்ன வைப்பது என்று மட்டும் தெரியவில்லை. அப்படியே சில வருடம் ஓடியது. கத்துவது, மிரட்டுவது, ‘வாய் மேல விரலை வை’ என்பது என்று எப்படியோ சமாளித்தேன்.

அப்புறம் கொரோனா வந்தது. 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள். 2022 ஜூனில் என்னிடம் இரண்டாம் வகுப்புக்கு வந்த 26 பேரில் பாதிப் பேருக்கு வகுப்பறை என்பதே புதுசு. வரிசை என்றால் என்ன, அடுத்தவன் ரப்பர் என்றால் என்ன, ஒருத்தன் பேசும்போது மற்றவன் காத்திருப்பது என்றால் என்ன, எதுவும் பழகவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, வீட்டுத் திண்ணையில் இதையெல்லாம் யாரோடு பழகுவார்கள்? காலை முதல் மாலை வரை ஒரே பாட்டு. “டீச்சர், இவன் என் பென்சில எடுத்துக்கினான்.” “டீச்சர், இவ என்னை மொறைக்கிறா.” “டீச்சர், அவன் என் எடத்துல உக்காந்துக்கினு எழுந்துக்க மாட்றான்.”

ஒரு நாள் ஆத்திரத்தில் எண்ணிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கணக்குக்கு வைத்திருந்த புளியங்கொட்டை டப்பா மேசையில் இருந்தது. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு கொட்டையை எடுத்து இன்னொரு டப்பாவில் போட்டேன். மதியச் சாப்பாட்டு மணிக்குள் 37. மறுநாள் வேறு ஒரு யோசனை வந்தது. நான் எத்தனை முறை ‘ஏய்’ என்கிறேன் என்று எண்ணினேன். அந்த எண்ணிக்கையை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பிள்ளை செய்த நல்ல காரியத்தை வாய்விட்டுச் சொன்னது எத்தனை முறை என்றும் எண்ணினேன். இரண்டு. இரண்டும் ஒரே பிள்ளைக்கு, அதுவும் கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்கு.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் என்னிடம் எதையாவது கேட்டால், முதலில் இந்தப் புளியங்கொட்டை வேலையைச் செய்யச் சொல்கிறேன். பிள்ளைகளை எண்ண வேண்டாம், உங்களை எண்ணுங்கள். ஒரு நாள் போதும்.

அந்த ‘இரண்டு’ என்னைக் குத்தியது. பழைய கோட்டை மறுபடி போட்டு, இந்த முறை ‘உதவியவர்கள்’ என்று தலைப்பு எழுதினேன். யாராவது யாருக்காவது உதவினால் பெயர், பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அஞ்சு நட்சத்திரம் வந்தால் ஒரு பென்சில். எங்கள் பிள்ளைகளுக்கு நட்சத்திரப் பைத்தியம் உண்டு. நோட்டில் போட்டால் போதாது, உள்ளங்கையை நீட்டி, “கையில போடுங்க டீச்சர்” என்று சிவப்புப் பேனாவில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகும்வரை கை கழுவாமல் போவார்கள்.

முதல் வாரம் வகுப்பா கோயிலா என்று இருந்தது. கீழே விழுந்த பென்சிலை நாலு பேர் பாய்ந்து எடுத்தார்கள். எச்.எம். வந்து பார்த்துவிட்டு, மற்ற வகுப்புகளிலும் இப்படிச் செய்யச் சொன்னார். இரண்டாவது வாரம் சந்தை திறந்துவிட்டது. “டீச்சர், நான் அவளுக்குத் தண்ணி புடிச்சுக் குடுத்தேன், பேர் எழுதுங்க.” “அவளுக்குத் தாகமே இல்ல டீச்சர், வேணாம் வேணாம்னா, இவதான் குடி குடின்னா.” மூன்றாவது வாரம் ஒரு பையன் பக்கத்துப் பையனின் ரப்பரை ஒளித்துவைத்து, அவன் அழும்வரை பொறுத்து, பிறகு ஜன்னல் இடுக்கிலிருந்து ‘கண்டுபிடித்து’க் கொடுத்தான். நட்சத்திரம் கேட்டு வந்து நின்றபோது அவன் முகத்தில் கள்ளம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. நான் வைத்த விலைக்கு அவன் சரக்கு கொண்டுவந்தான், அவ்வளவுதான்.

பென்சில் தீர்ந்ததும் உதவியும் தீர்ந்தது.

இது என் வகுப்புக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1973ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் செய்து பார்த்தது இது. படம் வரைவதில் தானாகவே ஆசை உள்ள பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே எடுக்காமல் பேனாக்களை எதிரில் வைத்தபோது, முன்கூட்டியே ஆசை காட்டப்பட்டவர்கள்தான் மற்றவர்களைவிடப் பாதி அளவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்குக் குறையவில்லை. 2008ல் வார்னெக்கென், டொமசெல்லோ என்ற இருவர் இன்னும் சின்னக் குழந்தைகளிடம், 20 மாதக் குழந்தைகளிடம், இதையே உதவி விஷயத்தில் பார்த்தார்கள். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுத்ததற்கு ஒவ்வொரு முறையும் பொம்மைக்கட்டை வாங்கிய குழந்தைகள், பிறகு கட்டை வராதபோது எடுத்துக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். எதுவும் வாங்காத குழந்தைகள் சும்மா எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். படித்தபோது எனக்கு ரப்பர் ஒளித்தவன் முகம்தான் கண்ணில் வந்தது.

பட்டியலை மொத்தமாக விடவும் மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தங்கள் பெயர் சுவரில் இருப்பதில் ஓர் ஆசை இருக்கிறது. பெயரை யார் சொல்வது என்பதில்தான் கோளாறு என்று தோன்றியது. செய்தவன் சொன்னால் அது வியாபாரமாகிறது. டீச்சர் சொன்னால் எல்லாக் கண்ணும் டீச்சர் மேலேயே இருக்கிறது. அதனால் வாங்கிக்கொண்டவர் சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். சாயங்காலம் மணி அடிக்க அஞ்சு நிமிடம் இருக்கும்போது ஒரே கேள்விதான்: “இன்னைக்கு உனக்கு யாராவது ஏதாவது செஞ்சாங்களா?” ஆமாம் என்றால் போய் எழுதலாம், எழுத வராதவர்கள் படம் போடலாம். நட்சத்திரம் இல்லை, பென்சில் இல்லை, எண்ணிக்கை இல்லை. மறுநாள் காலை ஈரத்துணியால் துடைத்துவிடுவோம்.

எழுதுவதற்கு இடம் தயாராகவே இருந்தது. பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை 2007-08ல் மாநிலம் முழுக்க வந்தபோது, வகுப்புச் சுவரைச் சுற்றித் தரையிலிருந்து பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கறுப்பு வண்ணம் பூசி, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தார்கள். கீழ்மட்டக் கரும்பலகை என்று பெயர். அந்த முறை போன பிறகும் பலகை சுவரிலேயே நின்றது. இடுப்பு உயரப் பிள்ளை அதன் முன்னால் உட்கார்ந்து எழுதும்போது பெரியவர்கள் தலைக்கு மேல் நின்று படிக்க முடியாது. குனிந்தாக வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வாரம் யாருமே எழுதவில்லை. “எனக்கு யாரும் ஒண்ணும் பண்ணல டீச்சர்.” 26 பேரும் அப்படித்தான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகுதான் புரிந்தது, உதவி என்றால் கிணற்றில் விழுந்தவனைத் தூக்குவது மாதிரி பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் நானே ஆரம்பித்தேன். “காலையில என் கை நிறைய நோட்டு இருந்துச்சு. கதவை ஒருத்தி தள்ளிப் புடிச்சா. எனக்கு நிம்மதியா இருந்துச்சு.” அடுத்த நாள் சத்துணவு சமைக்கும் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நாலாவது நாள் ஒரு பெண் எழுந்தாள். “நான் பக்கத்தைக் காணோம்னு தேடிக்கினு இருந்தேன், இவ பாத்துட்டு, என் புக்க வாங்கித் திருப்பிக் குடுத்தா.” சொல்லப்பட்டவள் தலையைக் குனிந்துகொண்டு பாவாடை நுனியைத் திருகினாள். தான் அதைச் செய்ததே அவளுக்கு நினைவில்லை. கையில் போட்ட எந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்கும் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு மாதத்தில் பலகை நிறைய ஆரம்பித்தது. “மூக்கு வந்துச்சி கர்சீப் தந்தா.” “என்னோட வெளாட வந்தான்.” “என் முட்ட கீழ விழுந்துச்சி. அவன் பாதி தந்தான்.” இந்தக் கடைசியைப் பற்றிச் சத்துணவுக் கூடத்தில் விசாரித்தேன். உண்மைதான். எங்கள் பிள்ளைகளிடம் ஒரு முட்டைக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பாதி முட்டை எவ்வளவு பெரிசு என்று தெரியும்.

பொய் சொல்ல மாட்டார்களா என்று பக்கத்து வகுப்பு டீச்சர் கேட்டார். சொல்வார்கள். தோழி பெயரைத் தினம் எழுதிய இரண்டு பேர் இருந்தார்கள். விட்டுவிட்டேன். பரிசு இல்லாத இடத்தில் பொய் ரொம்ப நாள் நிற்கவில்லை.

என்னை உறுத்தியது வேறு. சில பெயர்கள் வரவே இல்லை. பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லார் பெயரையும் எழுதி, சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்து வந்தேன். இது பிள்ளைகளுக்குத் தெரியாத கணக்கு. மூன்று வாரத்தில் அஞ்சு பெயருக்குப் பக்கத்தில் வெறுமை. அதில் ஒருவனை ஓட்டைப்பல் என்று கூப்பிடுகிறேன். இரண்டாம் வகுப்பில் பாதிப் பேர் ஓட்டைப்பல்தான், அதனால் யாரும் அடையாளம் கண்டுவிட முடியாது. அவன்தான் வகுப்பின் அடிதடி. 37 புளியங்கொட்டையில் பதினைந்து கொட்டையாவது அவனுடையதாக இருக்கும்.

அவன் எப்போதெல்லாம் அடிக்கிறான் என்று ஒரு வாரம் குறித்துவைத்தேன். எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது. பாட நேரத்தில் அவன் யாரையும் தொடவில்லை. தண்ணீர்க் குழாய் வரிசை, சாப்பாட்டு வரிசை, பிரேயருக்கு நிற்பது, அங்கெல்லாம்தான் அடி. வரிசையில் பின்னால் நிற்பவன் மேலே வந்து ஒட்டினால் இவனுக்குப் பொறுக்காது, திரும்பிக் குத்திவிடுவான். ஏன் என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. நான் அதைத் தோண்டவில்லை. அவனை வரிசையின் கடைசியில் நிறுத்தி, எல்லாரும் வெளியே போனதும் விளக்கு, மின்விசிறியை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டு வரும் வேலையைக் கொடுத்தேன். பின்னால் ஆளே இல்லை. முன்னால் நிற்பவனிடமிருந்து இரண்டு அடி தள்ளி நிற்பதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. வரிசைச் சண்டை பெரும்பாலும் நின்றது. முழுக்க நின்றது என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த வருடம் இரண்டு முறை ரத்தம் பார்த்தோம்.

ஒன்று கவனமாக இருக்க வேண்டியிருந்தது. அடிக்கிறவனுக்கு வேலை கொடுத்தால் மற்ற பிள்ளைகள், அடித்தால் வேலை கிடைக்கும் என்று கணக்குப் போடுவார்கள். அதனால் அன்றைக்கே எல்லாருக்கும் ஒரு வேலை பிரித்தேன். செருப்பை ஜோடியாக அடுக்குவது, முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கை கழுவக் கூட்டிப்போவது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் அடிபிடி. தன்னைவிடச் சின்னதாக ஒன்று கையைப் பிடித்துக்கொண்டு வரும்போது எந்தப் போக்கிரிக்கும் நடை மாறிவிடுகிறது. மாதா மாதம் வேலையை மாற்றிப் போட்டேன், கதவு வேலையைத் தவிர.

அடித்துவிட்டால் என்ன செய்வது? முன்பெல்லாம், “சாரி சொல்லு” என்பேன். அவன், “சாரி” என்பான். முடிந்தது. திரும்பவும் அடித்துவிட்டு, “அதான் சாரி சொல்லிட்டேன்ல!” என்பான். சாரி என்பது அடிக்கான கட்டணம் மாதிரி ஆகிவிட்டது. இதற்கு வழியைப் பிள்ளைகள்தான் எனக்குக் காட்டினார்கள். அவர்களுக்குள் நெடுங்காலமாக ஒரு நீதிமன்றம் இருக்கிறது: காய், பழம். சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்டால் பேச்சு வார்த்தை இல்லை. பழம் விட்டால் சமாதானம். ஒரு நாள் நோட்டைக் கிழித்தவன் பழம் விட வந்தபோது, கிழிபட்டவள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: “மொதல்ல ஒட்டிக் குடு, அப்பறம் பழம்.” அவன் சத்துணவுக் கூடத்துக்கு ஓடி, நாலு சோற்றுப் பருக்கை வாங்கிவந்து ஒட்டினான். கோணலாகத்தான் ஒட்டினான். அவள் சோதித்துப் பார்த்துவிட்டுப் பழம் விட்டாள்.

அன்றிலிருந்து, “சாரி சொல்லு” என்பதை நிறுத்தினேன். “என்ன பண்ணா பழம் விடுவேன்னு அவகிட்டயே கேளு” என்கிறேன். பதில்கள் நான் யோசித்திருக்கக்கூடிய எந்தத் தண்டனையையும்விட நியாயமாக இருக்கின்றன. “கட்டத்தை மறுபடி போட்டுக் குடுக்கணும்.” “நாளைக்கு என்னையும் ஆட்டத்துல சேத்துக்கணும்.” சில சமயம், “ஒண்ணும் வேணாம், தள்ளிப் போகச் சொல்லுங்க.” அதையும் மதிக்க வேண்டும். உடனே பழம் விடு என்று நாம் அவசரப்படுத்தக் கூடாது. நோட்டு கிழிந்தது அவளுடையது.

ஒரு பெரிய தவறும் செய்தேன். புகார்களைக் குறைக்க ஒரு கேள்வி வைத்திருந்தேன்: “அவனை மாட்டிவிட வந்தியா, இல்ல யாருக்காவது உதவி வேணும்னு வந்தியா?” நல்ல கேள்விதான். முறைக்கிறா, சிரிக்கிறா மாதிரிப் புகார்கள் பாதிக்கு மேல் திரும்பிப் போயின. ஆனால் ஒரு பெண் இரண்டு மூன்று தடவை வந்து நின்றுவிட்டு, நான் அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போயிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் பெஞ்சுக்கு அடியில் தினமும் அவள் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டும்போது அவள் அம்மா கன்றிப்போன இடத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டபோது, என்னிடம் பதில் இல்லை. தான் சொன்னால் மாட்டிவிட்டதாகிவிடும் என்று அந்தக் குழந்தை நினைத்திருக்கிறது. அப்படி நினைக்க வைத்தது நான். இப்போது அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு விதி இருக்கிறது. உடம்பு வலித்தால், யாராவது தொட்டது பிடிக்காவிட்டால், யாராவது பயமுறுத்தினால், அது எப்போதும் உதவி கேட்பதுதான். அதற்குக் கேள்வி கிடையாது. வருடத்தின் முதல் நாள் சொல்லி, மாதம் ஒருமுறை திரும்பச் சொல்கிறேன்.

பட்டப்பெயர் விஷயத்தில் நான் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் யார் எந்த அளவு படிக்கிறார்களோ அதற்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருகிறோம். ஒரே வாரத்தில் அதையும் வசவாக்கிவிட்டார்கள்: “போடா அரும்பு!” இவ்வளவு அழகான சொல்லை வைத்து இப்படித் திட்ட முடியும் என்று எனக்குத் தெரியாது. நிறத்தைச் சொல்லித் திட்டுவது, தெருவைச் சொல்லித் திட்டுவது வீட்டிலிருந்து வருகிறது. அதை நான் விளையாட்டாக விடுவதில்லை. எல்லார் முன்னாலும் விசாரித்தால் திட்டுப்பட்டவனுக்கு இரண்டாவது அவமானம் என்பதால், தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறேன். வீட்டிலும் பேசுகிறேன். வீட்டில் பேசுவதுதான் கஷ்டம்.

சோறு பற்றியும் ஒரு வார்த்தை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதற்கு முன்னால் பதினொன்றரை மணி வாக்கில் வகுப்பு தானாகவே சிடுசிடுக்க ஆரம்பிக்கும். உப்புமாவோ பொங்கலோ வயிற்றில் விழுந்த பிறகு அந்த நேரத்துச் சண்டை கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. நான் அதுவரை ஒழுக்கப் பிரச்சினை என்று நினைத்ததில் பாதி பசி. முறைகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

எங்கள் ஊரில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். பிள்ளைகள் ஆயாவோடு தங்கிவிடும். இங்கே ஆயா என்றால் பாட்டி. ஓட்டைப்பல்லும் அப்படித்தான். அவன் ஆயாவை நான் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அவர் தயாராக வந்து, தயாராக ஒரு வசனம் சொல்வார்: “கண்ண மட்டும் உட்டுட்டு மத்தத உரிச்சிடு டீச்சரம்மா.” பள்ளியிலிருந்து ஆள் வந்தால் கெட்ட சேதி என்றே அவருக்குப் பழகியிருந்தது. பழக்கியவள் நான்தான். அதனால் வாரத்துக்கு மூன்று வீட்டுக்காவது, பிள்ளையைக் கூட்டிப்போகப் பள்ளி கேட்டுக்கு வரும்போது, ஒரு நல்ல சேதி சொல்வது என்று வைத்துக்கொண்டேன். ‘நல்லா படிக்கிறான்’ மாதிரிப் பொதுவாக இல்லை. நடந்தது ஒன்றை, நடந்தபடியே.

முதல் முறை அவரைக் கூப்பிட்டதும், “என்னா பண்ணித் தொலைச்சான்?” என்று கையை ஓங்கிக்கொண்டே வந்தார். “ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குச் செருப்பு வாரு அறுந்துபோச்சு. வெயில்ல கால் சுடும்னு இவன் தன் செருப்பைக் குடுத்துட்டு வெறுங்காலோட கொழாய் வரைக்கும் வந்தான்” என்றேன். ஆயா ஓங்கிய கையை இறக்க மறந்து நின்றார். அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எம் பேரனா? வேற யாரையாச்சும் பாத்துட்டுச் சொல்றியா டீச்சரம்மா?” என்றார். அப்புறம் அவன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அதுவரை ஒரு நாளும் அவர் அவன் பையைச் சுமந்து நான் பார்த்ததில்லை.

புது ஆசிரியர்கள், “தினம் அஞ்சு நிமிஷம் எங்கே கிடைக்கும், பாடம் ஓட வேண்டாமா?” என்கிறார்கள். எனக்கு அந்த அஞ்சு நிமிடம் புகார் குறைந்ததில் கிடைத்தது. டிசம்பரில் மறுபடி புளியங்கொட்டை எண்ணினேன், மதியத்துக்குள் 11. குழுவாகப் பிரித்து எந்தக் குழு ஒழுங்காக இருக்கிறது என்று போட்டி வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நல்நடத்தை விளையாட்டு என்று 1969லேயே அமெரிக்காவில் ஒரு நாலாம் வகுப்பில் தொடங்கிய முறை அது, பல இடங்களில் பலன் தந்திருக்கிறது. நான் வைத்தபோது மூன்றாம் நாளே, “உன்னாலதான் நம்ம குரூப்புக்குப் போச்சு” என்று ஒரே பையனை எட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எடுத்துவிட்டேன். உங்கள் வகுப்பில் அப்படி ஒருவன் இல்லையென்றால் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, ‘ஓடாதே’ என்பதைவிட ‘நடந்து வா’ என்பது வேலை செய்கிறது. ஓடாதே என்றால் அவர்கள் காதில் ஓடு மட்டும்தான் விழுகிறது.

மார்ச் மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், பெரிய கரும்பலகையின் வலது மூலையில் கோடு. மேலே ‘பேசியவர்கள்’. எனக்குப் பதிலாக வந்தவர் போட்டிருப்பார் போல, இல்லை பிள்ளைகளே போட்டார்களோ என்னவோ. ஒன்பது பெயர், பக்கத்தில் பெருக்கல் குறிகள். நாலாவதாக ஒரு பெயர் அழிக்கப்பட்டு, சாக்பீஸ் தூள் மட்டும் வெள்ளையாகத் தீற்றியிருந்தது. தீற்றலுக்கு அடியில் ஓட்டைப்பல்லின் முதலெழுத்து இன்னும் தெரிந்தது.

குனிந்து கீழ்ப்பலகையைப் பார்த்தேன். அவன் கட்டத்தில், ழகரமும் ளகரமும் இடம் மாறி, கோணல் மாணலாக ஒரு வரி: “லீடர் என் பேர அளிச்சா.” பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று, முன்பல் இல்லாமல்.

லீடரைக் கூப்பிட்டேன். “சும்மாவா அழிச்ச?” என்று கேட்டேன். அவள் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் பலமாக ஆட்டினாள். உதட்டோரத்தில் பல்பம் தின்ற வெள்ளை.